மின்சாரம் நின்றாலும் பேசும் போன்

குறைந்த செலவில் கோட்லெஸ் போன் வாங்குதலும் பராமரித்தலும்

புதிய வீட்டுக்குச் சாமான்கள் வாங்கும்போது தொலைபேசி பெரும்பாலும் பட்டியலின் கடைசியில்தான் வரும். நமது கரையோரத்தில் அதற்கு வேறொரு பெறுமதியும் உண்டு. 2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அருகே நிலம் நடுங்கி, ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்களுக்குப் பின்னர்தான் அலை நமது கரைக்கு வந்தது. அந்த நேரத்துக்குள் நமக்கு எந்த எச்சரிக்கையும் வந்து சேரவில்லை. 2005 மார்ச் 28 இரவு சுமாத்திராவில் மீண்டும் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டபோது எச்சரிக்கை கிடைத்தது. மக்கள் இரவோடிரவாகக் கரையை விட்டு விலகினார்கள். நல்லவேளையாகப் பெரிய அலை வரவில்லை. அப்படியொரு இரவில் உங்கள் வீட்டுப் போன் மணியடிக்குமா? இந்தப் பாடத்தைப் படிக்கும்போது இக்கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. இரண்டு வகை, ஒரே பெயர்

கடைகளில் இரண்டு வகைப் போன்களையும் “வயர் இல்லாத போன்” என்றே சொல்கிறார்கள். வாங்குமுன் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கோட்லெஸ் போன்: வீட்டுக்கு வரும் டெலிகொம் கம்பி இணைப்பில் ஒரு பேஸ் பெட்டி பொருத்தப்படும். கையில் எடுத்துச் செல்லும் ஹேண்ட்செட் அந்தப் பெட்டியுடன்தான் பேசும். கம்பி இணைப்பு இல்லாத வீட்டில் இது வேலை செய்யாது.

சிடிஎம்ஏ போன்: சிறிலங்கா டெலிகொம், சன்டெல், லங்கா பெல் நிறுவனங்கள் முன்னர் தந்தது. கம்பி தேவையில்லை, கோபுரத்திலிருந்து அலை வரும். கோபுர அலையில் இயங்கும் எந்தச் செட்டையும் வாங்குமுன், உங்கள் வீட்டுக்குள்ளேயே சிக்னல் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

பழைய வீட்டில் கம்பி இணைப்பு இருந்தவர்கள், புதிய இணைப்புக்குப் பணம் கட்டுமுன், அதைப் புதிய முகவரிக்கு மாற்ற முடியுமா என்று டெலிகொம் அலுவலகத்தில் கேளுங்கள். பழைய பில் ஒன்று இருந்தால் கொண்டு செல்லுங்கள்.

2. மின்சாரம் நின்றால் என்ன நடக்கும்?

டெலிகொம் செம்புக் கம்பியில் ஏறத்தாழ 48 வோல்ட் மின்சாரம் பரிவர்த்தனை நிலையத்திலிருந்தே வருகிறது. அங்கே பெரிய பெட்டரிகள் உள்ளன. ஆகவே, ஊரில் கரண்ட் இல்லாதபோதும் சாதாரண வயர் போன் வேலை செய்யும்.

கோட்லெஸ் போன் அப்படியல்ல. பேஸ் பெட்டிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். ஹேண்ட்செட்டில் சார்ஜ் நிறைய இருந்தாலும், பேஸுக்குக் கரண்ட் இல்லையென்றால் அழைப்பு வராது, போகாது. வெளியில் கம்பி உயிரோடு இருக்கும். உங்கள் வீட்டில் மணியடிக்காது.

இதற்கான தீர்வு மலிவானது. மின்சாரப் பிளக் தேவைப்படாத சாதாரண வயர் போன் ஒன்றை, பழையதாக இருந்தாலும், அதே இணைப்பில் இரட்டைச் சொக்கட் மூலம் மாட்டிவையுங்கள். பணம் ஒன்றுக்குத்தான் போதுமென்றால், முதலில் வயர் போனை வாங்குங்கள். கோட்லெஸ் பிறகு வரட்டும். கோபுர அலையில் இயங்கும் செட் வைத்திருப்பவர்கள், அதன் பெட்டரி கரண்ட் இல்லாமல் எத்தனை மணித்தியாலம் தாங்குகிறது என்று பார்த்து வையுங்கள்.

3. கடையில் பார்க்க வேண்டியவை

• தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் உள்ள செட்டா என்று கேளுங்கள்.

• பழைய செட் என்றால் கடையிலேயே இணைத்துப் பேசிப் பாருங்கள். பெட்டரி மூடியைத் திறந்து, வீக்கம், பச்சைத் துரு, கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

• அதே அளவு பெட்டரி கல்முனையில் கிடைக்குமா என்று விசாரியுங்கள். பெட்டரி கிடைக்காத செட் எவ்வளவு மலிவானாலும் நட்டம்.

• பழைய அனலொக் செட்டுகளில் பேசுவது அடுத்த வீட்டுச் செட்டில் கேட்கக்கூடும். வீடுகள் நெருங்கியிருக்கும் திட்டங்களில் டிஜிட்டல் செட்டே நல்லது. அனலொக் செட்டில் வங்கி விபரம், பணம் வரும் விபரம் பேசாதீர்கள்.

4. வெளிநாட்டிலிருந்து வரும் செட்

மகனோ மகளோ சவூதியிலிருந்து அனுப்பிய போனை உடனே பிளக்கில் மாட்டாதீர்கள். அங்கே முன்னர் பல வீடுகளில் 110 அல்லது 127 வோல்ட் மின்சாரமே இருந்தது. இங்கே 230 வோல்ட். அடப்டரில் “இன்புட்” என்ற இடத்தில் 230 என்றோ 100–240 என்றோ இருந்தால் மாட்டலாம். 110 அல்லது 120 மட்டும் இருந்தால் எரிந்துவிடும். வேறு அடப்டர் வாங்கும்போது “அவுட்புட்” வோல்ட் அளவும் கூட்டல், கழித்தல் முனைகளும் பழையதைப் போலவே இருக்க வேண்டும்.

அமெரிக்கா, கனடாவிலிருந்து வரும் “டெக்ட் 6.0” செட்டை இங்கே பயன்படுத்தக் கூடாது. அதன் அலைவரிசை இங்கு கையடக்கத் தொலைபேசிச் சேவைக்கு உரியது.

5. நீண்ட காலம் உழைக்க

• புதிய பெட்டரியை முதல் தடவை 12 முதல் 16 மணித்தியாலம் சார்ஜ் செய்யுங்கள்.

• டோர்ச் லைட்டுக்குப் போடும் சாதாரண பெட்டரியை ஹேண்ட்செட்டில் போடாதீர்கள். சார்ஜ் ஏறும்போது கசியலாம், வெடிக்கலாம்.

• கடற்காற்றின் உப்பு சார்ஜ் முனைகளில் படியும். மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டு உலர்ந்த துணியாலோ பென்சில் அழிறப்பராலோ துடையுங்கள். “பெட்டரி பழுது” என்று நினைப்பது பல தடவை இந்த அழுக்குத்தான்.

• பேஸை அடுப்படியிலும் ஜன்னலோரத்திலும் வைக்காதீர்கள். வெள்ளம் ஏறாத உயரத்தில், வீட்டின் நடுவில் வையுங்கள்.

• ஹேண்ட்செட் தண்ணீரில் விழுந்தால் உடனே பெட்டரியைக் கழற்றி, இரண்டு நாள் நிழலில் காயவிடுங்கள். அதற்குமுன் சார்ஜில் வைக்காதீர்கள்.

• இடி மின்னல் தொடங்குமுன் மின்சாரப் பிளக், தொலைபேசிக் கம்பி இரண்டையும் கழற்றுங்கள். மின்னல் கம்பி வழியாகவும் வரும். மின்னும் நேரத்தில் வயர் போனில் பேச வேண்டாம். இடி ஓய்ந்ததும் வயர் போனை மறக்காமல் மீண்டும் மாட்டுங்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்

இன்று மாலை, வீட்டில் எல்லோரும் இருக்கும்போது மெயின் சுவிட்சை ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். பக்கத்து வீட்டாரை உங்கள் இலக்கத்துக்கு அழைக்கச் சொல்லுங்கள். மணியடித்ததா? அடிக்கவில்லையென்றால் வயர் போன் வாங்குவதே உங்கள் அடுத்த செலவு.

பிறகு பொலிஸ் 119, உங்கள் கிராம சேவையாளர், பிரதேச செயலகம், பள்ளிவாசல் நிருவாகம், கடலுக்கு அப்பால் வசிக்கும் ஓர் உறவினர் ஆகியோரின் இலக்கங்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஹேண்ட்செட்டுக்குள் மட்டும் பதிந்த இலக்கங்கள் அது பழுதானால் போய்விடும். வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று, இருட்டில் டோர்ச் வெளிச்சத்தில் அந்தத் தாளைப் பார்த்து வயர் போனில் இலக்கம் அழுத்தப் பழகட்டும். வாப்பா கடலுக்கோ கடைக்கோ போயிருக்கும் நேரத்தில், உம்மாவும் பிள்ளைகளும் தாங்களாகவே அழைக்கவும் எச்சரிக்கை கேட்டு வெளியேறவும் அது உதவும்.