கடலைக் காவல் செய்த பறக்கும் படகு

போர் விமானம் என்றதும் குண்டு வீசும் விமானமே நமது நினைவுக்கு வருகின்றது. ஆனால் எல்லா விமானங்களின் பணியும் ஒன்றல்ல. குண்டுவீச்சு விமானம் தாக்கும். சண்டை விமானம் தாக்க வருவோரைத் தடுக்கும். வேவு விமானம் எதிரியைக் கண்டு அறிவிக்கும்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தயாரிப்பான 'கற்றலினா' வேவுப் பணிக்குப் பெயர்பெற்றது. அதன் அடிப்பாகம் படகு போன்றது; நீரிலேயே இறங்கி ஏறும். வேகம் குறைவு, ஆயினும் இருபது மணித்தியாலத்துக்கும் மேலாகப் பறக்க வல்லது. காலிக்கு அருகிலுள்ள கொக்கல வாவியே இலங்கையில் அதன் தளமாயிற்று.

1942 ஏப்ரல் 4ஆம் திகதி, கனேடிய விமானி லெனார்ட் பர்ச்சல் கற்றலினாவில் சென்று, இலங்கைக்குத் தெற்கே ஜப்பானியக் கடற்படையைக் கண்டார். வானொலியில் செய்தி அனுப்புகையில் அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. உயிர் தப்பியோர் சிறைப்பட்டனர். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது.

8ஆம் திகதி மற்றொரு கற்றலினா அக்கடற்படையை மீண்டும் கண்டது. எச்சரிக்கை கிடைத்ததும் 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அன்றிரவே திருகோணமலையை விட்டுப் புறப்பட்டது. ஆனால் அதில் ஒரு விமானமும் இருக்கவில்லை. 9ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் ஜப்பானிய விமானங்கள் அதனை மூழ்கடித்தன. 300க்கும் அதிகமானோர் மாண்டனர். 'வீற்றா' என்ற மருத்துவக் கப்பல் சுமார் 600 பேரை மீட்டது.

வேவு விமானம் தன் கடமையைச் செய்தது. தடுக்கும் சண்டை விமானமோ உரிய நேரத்தில் அங்கிருக்கவில்லை. ஆபத்தை அறிவது பாதிக் காவலே. நமது கடலடியில் இன்றும் கிடக்கும் ஹேர்மிஸ் அதற்குச் சான்று.