பழைய டூல்ஸ், புதுத் தொழில்: பிரிட்டனில் வரிக் கணக்கு

சம்பளத்துக்கு வேலை பார்த்த பிளம்பர் ஒருவர் பிரிட்டனில் தனியாகத் தொழில் தொடங்குகிறார். டிரில், பைப் பெண்டர், ஏணி என்று பாதிச் சாமான் ஏற்கெனவே கையில் இருக்கிறது. பழையதுதானே என்று அதைக் கணக்கில் சேர்க்காமலே விடுபவர்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் வாங்கிய விலை முழுவதையும் முதல் வருடச் செலவில் எழுதிவிடுபவர்களும் உண்டு. இரண்டுமே தப்பு.

சாமானைப் பிரியுங்கள்

தொடங்கப்போகும் தொழிலுக்கென்றே முன்கூட்டி வாங்கியவற்றை ஒரு பக்கம் வையுங்கள். வீட்டு வேலைக்கோ பழைய உத்தியோகத்துக்கோ வாங்கியவையும், அப்பாவோ மாமாவோ கொடுத்தவையும் மறுபக்கம். முதல் வகையில் சிக்கல் இல்லை. தொழில் தொடங்கிய நாளில் வாங்கியதாகவே சட்டம் கொள்ளும். ஆனுவல் இன்வெஸ்ட்மென்ட் அலவன்ஸில் முழு விலையும் அந்த வருடமே கழியும். இரண்டாம் வகைக்கு அந்தச் சலுகை கிடையாது. இனி வருவதெல்லாம் அந்த வகையைப் பற்றித்தான்.

மதிப்புப் போடுங்கள்

தொழிலில் பயன்படுத்தத் தொடங்கும் நாளில் அந்தச் சாமான் சந்தையில் என்ன விலை போகுமோ, அதுதான் கணக்கு. 2019இல் 600 பவுண்டு கொடுத்த இயந்திரம் இன்று 250தான் போகும் என்றால் 250 என்றே எழுத வேண்டும். சந்தை விலை ஏறியிருந்தாலும், நீங்கள் கொடுத்த விலைக்கு மேல் போக முடியாது. அன்பளிப்பாக வந்ததற்கு நீங்கள் எதுவும் கொடுக்கவில்லை. ஆகவே சந்தை மதிப்பே எடுக்கலாம். அப்பாவின் பெட்டியை இனாம் என்று ஒதுக்காதீர்கள்.

மதிப்புக்கு ஆதாரம் வேண்டும். ஒவ்வொன்றையும் படம் எடுத்து, மாடல், சீரியல் நம்பர், தேதியோடு பட்டியல் போடுங்கள். அதே மாடல் ஈபேயில் விற்றுமுடிந்த விலையையும் சேமித்துக்கொள்ளுங்கள். விற்பவர் கேட்கும் விலை ஆதாரமாகாது. இதை முதல் வாரத்திலேயே முடிப்பது நல்லது. இரண்டு வருடம் கழித்து யோசித்து எழுதும் மதிப்பை யாரும் நம்பமாட்டார்கள்.

கழிவைக் கணக்கிடுங்கள்

இவற்றின் மொத்தம் மெயின் பூல் என்ற பொதுக் கணக்கில் சேரும். 2025-26 வரி வருடத்தில் அதில் 18 விழுக்காடு கழிக்கலாம். 2026 ஏப்ரல் 6 முதல் 14. வேனுக்கும் இதே கணக்குத்தான், காருக்கு விதி வேறு. 2025 ஜூலை 6இல் தொடங்கியவருக்கு முதல் வருடம் 9 மாதம்தான். சாமான் மதிப்பு 2,400 பவுண்டு என்றால் 18 விழுக்காடு 432; அதில் முக்கால் பங்கு, 324, கழியும். மீதி 2,076 அடுத்த வருடத்துக்குப் போகும்.

324 பவுண்டு வரி மிச்சம் என்று நினைத்துவிடக் கூடாது. குறைவது லாபம். இங்கிலாந்தில் 20 விழுக்காடு வருமான வரியும் 6 விழுக்காடு நேஷனல் இன்சூரன்ஸும் கட்டுபவருக்குக் கையில் மிஞ்சுவது 84 பவுண்டு. ஒரு மாலை நேர வேலைக்கு மோசமில்லை.

பூலில் இருப்பது 1,000 பவுண்டோ அதற்குக் கீழோ என்றால் முழுவதையும் ஒரே தடவையில் கழித்துவிடலாம். 9 மாத வருடத்தில் அந்த எல்லை 750 ஆகக் குறையும். ஒரு சாமான் வீட்டுக்கும் பயன்படுகிறது என்றால் அதற்குத் தனிப் பூல். தொழிலுக்கு உரிய பங்குதான் கழியும்.

கணக்கு முறையைப் பாருங்கள்

பலர் சறுக்குவது இங்கேதான். 2024 ஏப்ரல் 6 முதல், நீங்கள் மாற்றாவிட்டால் உங்கள் கணக்கு, பணம் வந்த, போன நாளை வைத்துக் கணக்கிடும் கேஷ் பேஸிஸ் முறையில்தான் போகும். அதில் காரைத் தவிர எதற்கும் கேப்பிடல் அலவன்ஸ், அதாவது மேலே சொன்ன கழிவு, கிடையாது. மேலே போட்ட கணக்கு வேண்டுமென்றால் ரிட்டர்னில் கேஷ் பேஸிஸ் வேண்டாம் என்று டிக் செய்ய வேண்டும். சில நூறு பவுண்டு சாமானுக்காக முறையையே மாற்றுவது வீண் தலைவலி என்பேன். பழைய வேனும் பெரிய இயந்திரங்களும் இருந்தால் அக்கவுண்டன்டிடம் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். செலவுகளுக்குப் பதிலாக 1,000 பவுண்டு டிரேடிங் அலவன்ஸ் எடுப்பவருக்கு இந்தக் கழிவு எதுவுமே இல்லை.

பிறகு

பூலில் சேர்த்த சாமானை விற்றால் வந்த பணத்தைப் பூலிலிருந்து கழிக்க வேண்டும். முதல் வருடம் முடிந்ததும் அக்டோபர் 5க்குள் வரித்துறையான எச்.எம்.ஆர்.சியில் பதிய வேண்டும். ரிட்டர்னுக்குக் கடைசி நாள் ஜனவரி 31. பட்டியல், படம், பில் எல்லாம் அந்த நாளிலிருந்து 5 வருடம் பத்திரமாக இருக்கட்டும்.