மீன்தொட்டி வடிகட்டியின் பஞ்சும் கல்லும் கரியும்

நம் பள்ளி அறிவியல் மூலையில் உள்ள கண்ணாடித் தொட்டியை நாள்தோறும் பார்க்கின்றீர்கள். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட அத்தொட்டி, விளிம்புவரை நிரப்பினால் ஏறத்தாழ 56 லிட்டர் நீர் கொள்ளும். கப்பி மீன்களின் வாலழகை உற்று நோக்கும் நீங்கள், ஓரத்தில் குமிழி விட்டுக்கொண்டிருக்கும் சிறு பெட்டியைக் கவனிப்பதில்லை. அதுவே வடிகட்டி. அதனுள் எவற்றை இடுவது, இட்டவற்றை எவ்வாறு பேணுவது என்பதை ஒரு தவற்றின் வாயிலாகவே நான் கற்றுக்கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பரிசளிப்பு விழாவிற்கு இரண்டு நாள் இருந்தபோது, தொட்டியைப் பளிச்செனத் துலக்கி வைக்குமாறு நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம் கூறினேன். பொறுப்பு மிக்க பிள்ளை அவள். வடிகட்டியிலிருந்த பழுப்பேறிய நுரைப்பஞ்சைச் சவர்க்காரம் இட்டுக் குழாயடியில் கசக்கி, செம்பருத்திச் செடிமேல் வெயிலில் உலர்த்தி, வெள்ளை வெளேரென்று கொண்டுவந்தாள். நானும் பாராட்டினேன். விழா நன்கு நடந்தேறியது. திங்கட்கிழமை காலையில் மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாய் பிளந்து தவித்தன. புதன்கிழமைக்குள் பன்னிரண்டு மீன்களில் ஒன்பது மடிந்தன. “ஐயா, நான் நன்றாகத்தானே கழுவினேன்?” என்று அப்பிள்ளை விம்மியபோது, “நன்றாகத்தான் கழுவினாய் அம்மா, அப்படிக் கழுவச் சொன்ன குற்றம் என்னுடையது” என்று கூறுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

நடந்தது என்ன? மீன்கள் தம் செவுள்களின் வழியே அம்மோனியாவை நீரில் விடுகின்றன. மிச்சத் தீனி அழுகுவதாலும் அதே நஞ்சு தோன்றுகிறது. இரப்பர்த் தோட்டத்துப் பெற்றோருக்கு இதன் நெடி புதிதன்று. பால் உறையாதிருக்கக் கலக்கப்படும் அம்மோனியாவே இது. தொட்டி நீரில் கலப்பது மிகச் சிறிதளவே. நெடி எழாது, நிறமும் மாறாது. ஆயினும் அச்சிறிதளவே மீனின் செவுளை அரிக்கப் போதுமானது.

இந்நஞ்சை முறிப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். ஒருவகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சே, மீனின் இரத்தத்தைப் பழுப்பாக்கி மூச்சுத் திணறச் செய்யும். மற்றொரு வகை அதனை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டு மிகுதியானாலன்றித் தீங்கில்லை. இந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்து ஆராய்ந்தவர் உருசிய அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி, ஆண்டு 1890. இவ்விரு வேலைகளையும் தானே செய்து முடிக்கும் நுண்ணுயிரும் உண்டென்பது 2015இல்தான் தெரியவந்தது. செம்பனை ஆலைகளில் கழிவுநீரை வரிசைக் குளங்களில் தேக்கி வைப்பதைக் கண்டிருப்பீர்கள். அங்கும் கழிவைச் சிதைப்பவை நுண்ணுயிர்களே; அவற்றின் வகைதான் வேறு.

தொட்டியின் நுண்ணுயிர்கள் எதையேனும் பற்றிக்கொண்டு வாழ்பவை. நுரைப்பஞ்சில் நாம் கண்ட பழுப்பு நிறத்தில் ஒரு பகுதி அவற்றின் குடியிருப்பே. சவர்க்காரமும் குழாய்நீரின் குளோரினும் வெயிலும் சேர்ந்து அக்குடியிருப்பை அழித்துவிட்டன.

இனி, எவற்றை இடுவது? காற்றுப் பம்பு அனுப்பும் காற்று, பெட்டியின் நடுக்குழாயில் குமிழிகளாக மேலேறும்போது நீரையும் உடன் இழுத்துச் செல்கிறது. அவ்விடத்தை நிரப்ப, புதுநீர் மூடியின் துளைகள் வழியே நுழைந்து உள்ளிருக்கும் பொருள்களைக் கடந்து வருகிறது. எனவே நீர் நுழையும் பக்கத்தில் அழுக்கைத் தடுக்கும் பஞ்சும், அதற்கப்பால் நுண்ணுயிர் வாழும் பொருளும் இருத்தல் நலம். மருந்துக்கடைப் பருத்திப் பஞ்சு ஆகாது, கட்டிபட்டு அழுகிவிடும். மீன் கடையில் விற்கும் செயற்கை இழைப் பஞ்சே ஏற்றது. அது அடைத்துக்கொண்டதும் எறிந்துவிடலாம்.

நுண்ணுயிர்க்கு நுரைப்பஞ்சும், துளை நிறைந்த பீங்கான் வளையங்களும் சிறந்தவை. வழவழப்பான கூழாங்கல்லுக்கு வெளிப்பரப்பு மட்டுமே உண்டு. நுரைப்பஞ்சிலோ ஒவ்வொரு துளையின் சுவரும் இடம் தருகிறது. கையில் காசு குறைவாயின் நுரைப்பஞ்சு ஒன்றே போதும் என்பது என் கருத்து. விலையுயர்ந்த பொருள்களைக் கண்டு மயங்க வேண்டியதில்லை.

கரியைப் பற்றிப் பலரும் கேட்கின்றனர். கடையில் விற்பது பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டையையோ நிலக்கரியையோ கடும் வெப்பத்தில் பக்குவப்படுத்திய கரி. அதன் ஒரு கிராமுக்குள் ஏறத்தாழ ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு அடங்கியிருக்கும்! நீரின் மஞ்சள் நிறத்தையும், மீனுக்கு இட்ட மருந்தின் மிச்சத்தையும் அது ஈர்த்துக்கொள்ளும்; அம்மோனியாவை நீக்காது. சில வாரங்களில் அதன் ஆற்றல் தீர்ந்துவிடும். மீனுக்கு மருந்திடும் நாள்களில் கரியை எடுத்துவிட வேண்டும். அடுப்புக்கரி இதற்கு ஈடாகாது; அதன் சாம்பல் நீரைக் காரமாக்கும்.

மலேசியாவில் குழாய்நீர் பெரும்பாலும் மென்னீர். நுண்ணுயிர்கள் வேலை செய்யச் செய்ய அந்நீர் மெல்ல மெல்லப் புளிப்புத் தன்மை அடையும். மிகவும் புளித்தால் நுண்ணுயிர்களே ஓய்ந்துவிடும். கப்பி, மோலி வளர்ப்போர் கடையில் விற்கும் பவளத்துகளை ஒரு கைப்பிடி இடலாம். நம் காட்டோடைகளைச் சேர்ந்த ரசுபோரா மீன்களுக்கு அது வேண்டாம். அவை மென்னீருக்கே பழகியவை.

பேணும் முறைக்கு வருவோம். குமிழியின் வேகம் நன்றாக இருந்தும் பஞ்சின் வழியே நீரோட்டம் குறைந்தால் பஞ்சு அடைத்துக்கொண்டது என்று பொருள். வாரந்தோறும் தொட்டி நீரில் கால் பங்கை மாற்றுவோம் அல்லவா? வெளியே எடுத்த அந்நீரை வாளியில் வைத்து, அதிலேயே நுரைப்பஞ்சை இரண்டு மூன்று முறை பிழிந்தெடுங்கள். பழுப்பு நிறம் எஞ்சியிருக்கட்டும். வளையங்களையும் அந்நீரிலேயே அலசுங்கள். இரண்டையும் ஒரே நாளில் தொடாதீர்கள். பஞ்சு நைந்து மாற்ற நேர்ந்தால், புதியதைப் பழையதோடு சேர்த்துச் சில வாரம் வைத்திருந்து, பின்னரே பழையதை எடுங்கள். பிழிந்த நீரைச் செடிகளுக்கு ஊற்றலாம்; நல்ல உரம். மின்சாரத்தை மிச்சப்படுத்தவென்று இரவில் பம்பை நிறுத்துவோர் உளர். உயிர்வளி கிடைக்காமல் நுண்ணுயிர்கள் மடியும், அச்சிக்கனம் வேண்டாம்.

புதிதாக ஊற்றும் குழாய்நீரை அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் நீங்கும். சிங்கப்பூரில் குழாய்நீரில் குளோரமின் கலந்திருப்பதால் அங்கு அவ்வழி பயன்படாது. கடையில் விற்கும் முறிமருந்தை இட வேண்டும்.

புதுத் தொட்டியில் நுண்ணுயிர்கள் தாமே பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். காய்ச்சிய பாலில் சிறிது தயிரை உறை ஊற்றுவது போல, நோயற்ற பழைய தொட்டியின் பஞ்சில் ஒரு துண்டைப் புது வடிகட்டியில் வைத்தால் அக்காலம் வெகுவாகக் குறையும். அன்று எஞ்சிய மூன்று கப்பிகளை நாங்கள் காப்பாற்றியதும் அவ்வாறே. நாள்தோறும் நீரில் ஒரு பங்கை மாற்றினோம். பெற்றோர் ஒருவர் தம் வீட்டுத் தொட்டியின் பஞ்சை ஈரத்தோடு கொண்டுவந்து கொடுத்தார். இன்று நீங்கள் காணும் மீன்கள் அம்மூன்றின் வழிவந்தவை.

வீட்டில் தொட்டி தொடங்க விரும்பும் மாணவர்கள் என்னிடம் சொல்லுங்கள். நம் வடிகட்டியிலிருந்து ஒரு துண்டு நறுக்கித் தருகிறேன். மூடியுள்ள பாத்திரம் கொண்டு வாருங்கள். தொட்டி நீரில் மூழ்கியபடியே அது வீடு சேர வேண்டும்.