கறித்தூள் அனுப்பும் பிள்ளைக்கு

அன்பின் பிள்ளைக்கு,

ஓர்ஹூஸில் நீர் தொடங்கிய இணையக் கடை ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டது என்று அறிந்து சந்தோஷம். யாழ்ப்பாணக் கறித்தூளும் பனங்கட்டியும் இப்போது யூலண்ட் முழுக்கப் போகின்றன என்றும் எழுதியிருந்தீர். கூடவே கேள்விகள்: மக்கும் பையா, கண்ணாடிப் போத்தலா, துணிப்பையா, காலநிலைக்குக் கேடில்லாத கூரியரா? உம்மைப் போலவே வீட்டு அறையில் இருந்து பெட்டி ஒட்டும் பிள்ளைகள் இங்கே இன்னும் பலர் இருப்பதால் பதிலைப் பகிரங்கமாகவே எழுதுகிறேன். பழையபடி போஸ்ட்நோர்ட் தபாலில் போடவும் வழியில்லை. போஸ்ட்நோர்ட் 2025 டிசம்பர் 30 அன்று டென்மார்க்கில் தன் கடைசிக் கடிதத்தைக் கொடுத்து முடித்துவிட்டது. 1624 இல் நான்காம் கிறிஸ்டியான் அரசர் தொடக்கிய சேவை அது. 1620 இல் தரங்கம்பாடிக்கு வந்த கப்பல்களும் அவர் காலத்தவைதான். மிளகு தேடி வந்தவை. எங்கள் பக்கத்துச் சரக்கு இந்த நாட்டுக்கு வருவது உம்மோடு தொடங்கிய விசயமில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பை பற்றி நிறையக் கேட்டிருக்கிறீர். தூள் கொழும்பிலிருந்து எப்படி வருகிறது என்பதற்கு ஒரே ஒரு வரிதான், அதுவும் போகிற போக்கில்: சரக்கு முடிந்தால் விமானத்தில் எடுப்பேன் என்று. பிள்ளை, உமது கடையின் பெரிய கரிக்கணக்கு அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. ஒரு கிலோத் தூள் கட்டுநாயக்காவிலிருந்து விமானத்தில் வந்தால் அதன் பெயரில் சில கிலோ கரியமிலவாயு வெளியேறுகிறது. அதே கிலோ கொள்கலனில் கடலால் வந்தால், ஆபிரிக்காவைச் சுற்றி வந்தாலும், அது கிராம் கணக்குக்குள் அடங்கும். காட்போட் பெட்டியா மக்கும் பையா என்று நீர் இரவில் யோசிக்கும் வித்தியாசம் இந்த இடைவெளிக்குள் காணாமல் போய்விடும். விமானத்தில் வந்த தூளை மறுசுழற்சித் தாளில் சுற்றி அனுப்புவதை நான் பசுமை வியாபாரம் என்று சொல்லமாட்டேன்.

விமானத்தைக் கூப்பிட வைப்பது பெரும்பாலும் வாடிக்கையாளரின் அவசரமல்ல, எங்கள் கணக்குப் பிழை. தைப்பொங்கலும், கோடையில் பிராண்ட அபிராமி அம்மன் கோவில் திருவிழாவும் எப்போது வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். கப்பலுக்குக் கிழமைக்கணக்கில் நேரம் வேண்டும் என்பதும் தெரியும். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதும் பெரும்பாலான கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றப் போய், அந்த நேரம் இன்னும் நீண்டது. ஆகவே ஓடர் கொடுக்கும் நாளைப் பின்னோக்கி எண்ணிக் குறித்து வையும். முழுக் கொள்கலன் உமக்குத் தேவைப்படாது. இங்குள்ள பெரிய கடைக்காரர் ஒருவரோடு இடத்தைப் பகிர்ந்து எடுக்கலாம். தூளின் வாசம் போய்விடும் என்று பயந்தால் மல்லியையும் செத்தல் மிளகாயையும் முழுசாகக் கடலால் எடுத்து, இங்கே வறுத்து அரையும். முழுச் சரக்கு தூளைவிட நெடுநாள் தாங்கும். அதற்கு டெனிஷ் உணவு அதிகாரசபையில் பதிவு வேண்டும், சமையலறைக்குச் சில விதிகள் இருக்கின்றன, கொஞ்சம் கரைச்சல்தான். ஆனால் ‘இந்தக் கிழமை வறுத்தது’ என்று எழுதி விற்கலாம். அந்த வாசகத்துக்கு இருக்கும் விலை எந்தப் பச்சை இலை முத்திரைக்கும் இல்லை.

பசுமைக் கப்பல் பற்றியும் கேட்டிருந்தீர். மெதனோலில் ஓடக்கூடிய உலகின் முதல் கொள்கலன் கப்பலான ‘லோரா மேர்ஸ்க்’குக்கு 2023 செப்டம்பரில் கொப்பன்ஹேகனில் பெயர் சூட்டினார்கள், ஐரோப்பிய ஆணையத் தலைவி ஊர்சுலா ஃபொன் டெர் லையன் வந்திருந்தார். ஏறத்தாழ 2,100 கொள்கலன் ஏற்றும் சிறிய கப்பல் அது. அடுத்த வருடமே 16,000 கொள்கலன் ஏற்றும் ‘ஆன மேர்ஸ்க்’ வந்துவிட்டது. கப்பல் கட்டுவது சுகம், எரிபொருள்தான் பாடு. தெற்கு யூலண்டில் ஓபென்ரோவுக்குப் பக்கத்தில், காஸோ என்ற இடத்தில், புதுப்பிக்கத்தக்க மின்சாரத்திலிருந்து மெதனோல் செய்யும் ஆலை 2025 மே மாதம் திறக்கப்பட்டது. வருடத்துக்கு 42,000 டன் செய்யக்கூடியது; அந்த வகையில் அப்போது உலகிலேயே பெரியது. அது முழுவதையும் ஊற்றினாலும் ஏறத்தாழ ஒரு பெரிய கப்பலைத்தான் ஒரு வருடம் ஓட்டலாம். அதிலும் லெகோவும் நோவோ நோர்டிஸ்க்கும் தங்கள் பிளாஸ்டிக்குக்காகப் பங்கு கேட்டு நிற்கின்றன.

கூடக் காசு வாங்கிக்கொண்டு ‘உமது சரக்கு பசுமை எரிபொருளில் வந்தது’ என்று சான்றிதழ் தரும் சேவைகள் உண்டு. உமது பெட்டி இருந்த அதே கப்பலில் அந்த எரிபொருள் எரிந்திருக்கும் என்று அதற்கு அர்த்தமில்லை. அந்த நிறுவனத்தின் கப்பற்கூட்டத்தில் எங்கோ அதற்கு ஈடான அளவு எரிந்திருக்கும். அது ஏமாற்று இல்லை, ஒரு கணக்கு முறை. கையில் காசு மிஞ்சினால் வாங்கும். மற்றபடி, 2024 இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் கரிச்சந்தை கப்பல்களுக்கும் வந்துவிட்டது. முதல் வருடத்தில், கணக்கில் சேரும் வெளியேற்றத்தின் 40 சதவீதத்துக்கும், அடுத்ததில் 70 க்கும், 2026 இலிருந்து முழுவதுக்கும் கப்பல் நிறுவனம் காசு கட்ட வேண்டும். உமது கூலிச்சீட்டில் புதிதாக முளைத்த அந்த மேலதிகக் கட்டணம் அதுதான். முகவரோடு சண்டை பிடிக்க வேண்டாம்.

இனிப் பை.

டென்மார்க்கில் வளர்ந்த உமக்குப் பண்ட் என்ற வைப்புப்பணம் என்னவென்று சொல்லத் தேவையில்லை. சின்ன ரின்னுக்கு 1 குறோனர், சின்னப் பிளாஸ்டிக் போத்தலுக்கு 1.50, ஒரு லீற்றரும் அதற்கு மேலும் என்றால் 3. சுப்பர்மார்க்கெட் வாசல் இயந்திரத்தில் போட்டால் காசு திரும்புகிறது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் திரும்பி வருகின்றன. ஆனால் இதன் பின்னால் ஒரு வழக்கு உண்டு, அது உமக்குத் தெரிந்திருக்காது. 1981 இல் இந்த நாடு பியரையும் சோடாவையும் திரும்ப நிரப்பக்கூடிய போத்தலில் மட்டுமே விற்கலாம் என்று விதித்தது. வெளிநாட்டு வியாபாரிகளுக்கு இது தடை என்று ஐரோப்பிய ஆணையம் நீதிமன்றம் போனது. 1988 செப்டம்பர் 20 அன்று தீர்ப்பு வந்தது: அங்கீகாரமில்லாத போத்தல்களுக்கு வைத்த அளவுக் கட்டுப்பாடு பிழை, ஆனால் வைப்புப்பணம் வாங்கித் திரும்பப் பெறும் முறை சரி, சுற்றுச்சூழலைக் காக்க ஒரு நாடு வியாபாரத்தை அந்தளவுக்குக் கட்டுப்படுத்தலாம். ஐரோப்பியச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் இதைப் படிக்கிறார்கள். பியர்ப் போத்தலுக்கு அப்படியொரு மரியாதை கிடைத்தது.

அந்தக் கதையின் பிற்பகுதியை இங்கே யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. ரின்னுக்கு இருந்த தடை 2002 இல் நீங்கியது. கழுவித் திரும்ப நிரப்பிய கண்ணாடிப் போத்தல்கள் மெல்ல ஒதுங்கின. இன்று இயந்திரத்தில் நாங்கள் போடுவதில் பெரும்பகுதி நசுக்கி உருக்கப்படுவதுதான். உருக்குவது நல்லது, கழுவி நிரப்புவது பெரும்பாலும் அதைவிட நல்லது. பண்ட் முறைக்காக உலகம் மெச்சும் இந்த நாடு, தலைக்கு வருடம் 700 கிலோவுக்கும் மேல் குப்பை போடுகிறது. ஒன்றியத்தின் சராசரி 500 ஐ ஒட்டியதுதான். டெனிஷ் முத்திரை இருந்தால் எல்லாம் பசுமை என்று நம்பிவிடாதேயும்.

நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது: ஒரு பாத்திரம் நல்லதா கெட்டதா என்பதை அது எதனால் செய்தது என்பது தீர்மானிப்பதில்லை, அது திரும்பி வர வழி இருக்கிறதா என்பதே தீர்மானிக்கிறது. நீர் விரும்பும் கண்ணாடிப் போத்தலை இதில் வைத்துப் பாரும். ஊறுகாய்ப் போத்தலுக்குப் பண்ட் கிடையாது. திரும்பி வராத கண்ணாடி, பாரமான ஒருநாள் பாத்திரம். அது உடையாமல் போக நீர் இன்னும் இரண்டு சுற்று மட்டை வைக்க வேண்டும். ஓர்ஹூஸில் நீர் கோப்பி குடிக்கும் அந்தத் திருப்பிக் கொடுக்கும் கோப்பைகளைப் பார்த்திருப்பீர்: 2024 ஜனவரியில் நகரசபை நோர்வேயின் தொம்ரா நிறுவனத்தோடு தொடங்கிய மூன்று வருடப் பரிசோதனை, கோப்பைக்கு 5 குறோனர் வைப்பு. அங்கே வழியைக் கட்டிவிட்டுத்தான் கோப்பையை இறக்கினார்கள். நீர் தனியாக யூலண்ட் முழுக்க அப்படி ஒரு வழியைக் கட்ட முடியாது. ஓர்ஹூஸுக்குள் நேரில் வந்து வாங்குபவர்களுக்கு மட்டும் முடியும்: காலிப் போத்தலோடு வந்தால் விலையில் கொஞ்சம் குறையும். அங்கே கண்ணாடியை வையும், தபாலில் வேண்டாம்.

துணிப்பைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ தொடங்கியபோது எனக்கும் மனம் குளிர்ந்தது. ஆனால் 2018 இல் டெனிஷ் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட ஆய்வைப் பாரும். இயற்கைமுறைப் பருத்திப் பை ஒன்று, சாதாரண சுப்பர்மார்க்கெட் பிளாஸ்டிக் பைக்கு எல்லா அளவுகோலிலும் ஈடாக வேண்டுமென்றால் அதை 20,000 தடவை பாவிக்க வேண்டும். காலநிலையை மட்டும் எடுத்தால் 149 தடவை. கடலில் போய்ச் சேரும் பிளாஸ்டிக்கின் தீமை அந்தக் கணக்கில் இல்லை என்று குறை சொன்னவர்கள் உண்டு, அது நியாயமான குறைதான். பிளாஸ்டிக் தெருவிலும் வாய்க்காலிலும் கிடக்கும் ஊரில் மஞ்சப்பைக்கு வேறு கணக்கு. ஆனால் ஒவ்வொரு ஓடருக்கும் பெயர் அச்சிட்ட துணிப்பை ஒன்று இலவசமாக வைக்கும் உமது திட்டம் எந்த ஊர்க் கணக்கிலும் தேறாது. மக்கள் ஏற்கெனவே வீட்டில் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

மக்கும் பை இன்னும் மோசமான வலை. இங்கே வீட்டுக் குப்பையைப் பத்து வகையாகப் பிரிக்கிறோம். உணவுக்கழிவு உயிர்வாயு ஆலைக்குப் போகிறது. உமது மக்கும் பை அதற்குள் போகக்கூடாது, பிளாஸ்டிக் தொட்டிக்குள்ளும் கூடாது. அது மிச்சக் குப்பைக்குள் போய் எரிகிறது. இரண்டு மடங்கு விலை கொடுத்து எரிப்பதற்கு ஒரு பை. தூளுக்கு ஈரமும் காற்றும் எதிரி. உள்ளே வெள்ளிநிறத் தகடு ஒட்டிய பை நன்றாகத் தாங்கும், ஆனால் பல படலம் ஒட்டியதைப் பிரிக்க ஒருவராலும் முடியாது. ஒரே வகைப் பிளாஸ்டிக்கால் செய்த, வெளிச்சம் புகாத பையைக் கேட்டு வாங்கும். பிளாஸ்டிக் என்று வெட்கப்பட வேண்டாம். பூஞ்சணம் பிடித்துக் கொட்டிய ஒரு கிலோத் தூளின் பின்னால் இருக்கும் தண்ணீரும் உழைப்பும் பையைவிடப் பல மடங்கு.

பனங்கட்டிக் குட்டான் வேறு. அந்த ஓலைப் பின்னல்தான் பாத்திரம், அதுதான் அழகு. அதை எடுத்துவிட்டுப் போத்தலில் போடாதேயும். ஈரம் ஏறாமல் வெளியே ஒரு பை போதும்.

கூட்டுவதைவிடக் குறைப்பதில்தான் வேலை நடக்கிறது. கார்ல்ஸ்பெர்க் 2018 இல் ஆறு ரின்களைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு ரின்களைப் பசைப் பொட்டுகளால் ஒட்டியது. கட்டுக்கான பிளாஸ்டிக் 76 சதவீதம் வரை குறைந்தது. அதே நிறுவனம் 2015 இல் யோசிக்கத் தொடங்கிய மரநார்ப் போத்தலை 2022 இல்தான் 8,000 என்ற அளவில் மக்கள் கையில் கொடுத்துப் பார்த்தது. லெகோவும் அப்படித்தான்: பழைய போத்தல் பிளாஸ்டிக்கால் கட்டை செய்யும் திட்டத்தை 2021 இல் அறிவித்து, இயந்திரங்களை மாற்றினால் கரி கூடும் என்று கண்டு, 2023 இல் கைவிட்டது. பெட்டிக்குள் இருந்த பிளாஸ்டிக் பைகளைக் காகிதப் பைகளாக்கும் வேலை மட்டும் நடந்துகொண்டிருக்கிறது.

உமக்கு மூன்று அளவுப் பெட்டி போதும். இணைய விற்பனைப் பெட்டியில் பாதிக்கு மேல் வெற்றிடம் இருக்கக்கூடாது என்று ஒன்றியத்தின் 2025/40 ஒழுங்குவிதி 2030 இலிருந்து சொல்லப்போகிறது. கசக்கி அடைக்கும் கடதாசியும் வெற்றிடமாகவே எண்ணப்படும். எங்கள் தமிழ்க் கடைகளில் மாம்பழம் வந்த பெட்டியிலேயே சாமான் போட்டுத் தருவார்கள் அல்லவா, அதைச் செய்யும். பழைய பெட்டி வந்ததென்று கோபித்துக்கொள்ளும் வாடிக்கையாளர் குறைவு.

பதிவு செய்தீரா? 2025 அக்டோபர் 1 இலிருந்து பொதிகளுக்கான உற்பத்தியாளர் பொறுப்பு டென்மார்க்கில் நடைமுறையில் இருக்கிறது. இறக்குமதி செய்து முதலில் விற்பவர் என்ற முறையில் சட்டத்தின் கண்ணில் நீரும் ‘உற்பத்தியாளர்’. தூள் வந்த பை, நீர் போடும் பெட்டி, ஒட்டும் நாடா எல்லாம் உமது பொறுப்பு. மறுசுழற்சிக்கு ஒத்துவராத பொதிக்குக் கட்டணம் கூட.

கடைசியாக, உமது பக்கத்தில் இருக்கும் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்ற வரியை எடுத்துவிடும். டெனிஷ் கிரவுன் போன்ற பெரிய பன்றியிறைச்சி நிறுவனமே ‘காலநிலைக் கட்டுப்பாட்டுப் பன்றி’ என்று விளம்பரம் போட்டு, 2024 மார்ச்சில் மேற்கு உயர் நீதிமன்றத்தில் அது தவறாக வழிநடத்துவது என்று தீர்ப்பு வாங்கியது. 2026 செப்டம்பர் 27 இலிருந்து ஆதாரமில்லாத பொதுப்படையான பசுமைச் சொற்களுக்கு ஒன்றியம் முழுவதும் தடை. ‘கடலால் வந்தது, பழைய பெட்டியில் அனுப்புகிறோம்’ என்று எழுதும். யாரும் வழக்குப் போடமாட்டார்கள். பார்சலை வீட்டு வாசலுக்கு என்று போடாமல் பக்கத்துப் பெட்டகத்துக்கு என்பதை முதல் தெரிவாக வையும். ஆளில்லாத வீட்டுக்கு வான் இரண்டாம் முறை போக வேண்டிவராது.

அடுத்த முறை விற்பனைக் கணக்கோடு மூன்று எண்களையும் அனுப்பும்: மாதத்தில் எத்தனை கிலோ மட்டை வெளியே போனது, எத்தனை கிலோ பிளாஸ்டிக், எத்தனை கிலோ சரக்கு விமானத்தில் வந்தது. முதல் இரண்டும் பதிவுக்கு எப்படியும் வேண்டும். மூன்றாவதை வைத்துக் கோடைச் சரக்கை எந்தத் திகதியில் கப்பலேற்ற வேண்டும் என்று இருந்து பேசுவோம்.

அன்புடன்,
ஹேர்னிங்கிலிருந்து ஒரு பழைய சரக்குக்காரன்