மூடி வருகிற மெத்தைக்கு நீதான் சாட்சி

சித்தூர்

அன்புள்ள தம்பிக்கு,

பங்காருபாளையத்தில் பெங்களூர் ரோட்டு மேலேயே மெத்தைக் கடை திறந்திருக்கிறாய் என்று கேட்டதும் மனசு நிறைந்துபோனது. நல்ல இடம். ஜூன், ஜூலையில் தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் ஜூஸ் ஃபேக்டரி வாசலில் வரிசை கட்டி நிற்கும் ஊர் அது. மாங்காய்ப் பணம் கைக்கு வந்த பிறகுதான் அங்கே கட்டில், பீரோ, மெத்தை எல்லாம் வீடு வந்து சேரும். அந்த மாதங்களில் உன் கடைக்கு ஆள் வரும். வருகிறவர் ஒரு வருஷ உழைப்பின் ஒரு பங்கை மடியில் கட்டிக்கொண்டு வருகிறார் என்பதை மட்டும் மறந்துவிடாதே.

"ஸ்பிரிங் மெத்தை வேணும்னு வர்றாங்க மாமா. எது நல்லதுன்னு கேட்டா என்ன சொல்றது?" என்று போனில் கேட்டாய். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னைப் போல இந்தத் தொழிலுக்குள் புதிதாக வருகிற யார் படித்தாலும் சரி.

நான் தொழில் கற்றது இலவம் பஞ்சில். போடி பக்கத்திலிருந்து மூட்டை மூட்டையாகப் பஞ்சு வரும். மெத்தை வேண்டுமென்றால் ஆள் கடைக்கு வந்து மூட்டைக்குள் கையை விட்டுப் பார்ப்பார். ஒரு பிடி எடுத்து விரித்து, கொட்டை இருக்கிறதா, தூசி பறக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பார். கோடு போட்ட மெத்தைத் துணியை அவரே தேர்ந்தெடுப்பார். அவர் கண்ணெதிரே பத்துப் பன்னிரண்டு கிலோ நிறுத்து, உறைக்குள் மூலைமூலையாகத் திணித்து, குச்சியால் தட்டிச் சமன் செய்து, நீள ஊசியை மேலிருந்து கீழே இறக்கி முடிச்சுப் போடுவோம். வருஷங்கள் போய்ப் பஞ்சு கட்டிப்பட்டால் அதற்கும் வழி இருந்தது. பஞ்சு அடிக்கிற தூதேகுலக்காரர்கள் வில்லைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு வருவார்கள். மெத்தையைப் பிரித்து வாசலிலேயே பஞ்சை அடித்து, பூப்போல் ஆக்கித் திரும்ப நிரப்பிக் கொடுப்பார்கள். அந்த வில் நாணின் 'டொய்ங்' சத்தம் கேட்டால் வீட்டில் யாரோ இன்றைக்குப் புது மெத்தையில் படுக்கப்போகிறார்கள் என்று தெருவுக்கே தெரியும்.

அந்த மெத்தைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று படுக்கிறவருக்குத் தெரிந்திருந்தது. 1960களில் பெங்களூரிலிருந்து குர்லான் வந்தது. அந்தப் பெயரே நம் பக்கத்தில் ரப்பர் போட்ட தேங்காய் நார் மெத்தைக்குப் பொதுப்பெயர் ஆகிவிட்டது. அதிலும் ஓரத்தை அழுத்தினால் நார் கைக்குத் தட்டுப்பட்டது. ஸ்பிரிங் மெத்தை அப்படி இல்லை. நாலு பக்கமும் தைத்து, மேலே பூப்போட்ட குயில்ட் துணி போர்த்தி, அதற்கும் மேலே பிளாஸ்டிக் சுற்றி வருகிறது. உள்ளே இருப்பதை வாங்குகிறவர் தன் ஆயுளில் ஒருமுறைகூடப் பார்க்கப்போவதில்லை. அந்த மூடின மெத்தைக்கு உன் வாய்ச்சொல் ஒன்றுதான் சாட்சி. எனக்குத் தெரிந்த வியாபாரம் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். சாட்சி சொல்ல வேண்டுமென்றால் முதலில் நீ பார்த்திருக்க வேண்டும். அதனால் உள்ளே போவோம்.

ஸ்பிரிங் மெத்தையை 1871இல் ஜெர்மனியின் ஹைன்ரிச் வெஸ்ட்ஃபால் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். இன்றைக்கும் மலிவு விலையில் அதிகம் விற்பது 'பொனெல்' வகை. குதிரை வண்டி இருக்கையில் இருந்த சுருளிலிருந்து பிறந்தது அது. அதன் வடிவத்தைச் சொல்ல நமக்கு நல்ல வார்த்தை இருக்கிறது: உடுக்கை. மேலும் கீழும் அகன்று, நடுவில் ஒடுங்கிய கம்பிச் சுருள். லேசாக அமுக்கும்போது அகன்ற வளையங்கள் இளகிக் கொடுக்கும். பாரம் கூடக்கூட ஒடுங்கிய நடுப்பகுதி விறைத்துத் தாங்கும். இந்த உடுக்கைகளை வரிசையாக நிறுத்தி, மெல்லிய சுருள் கம்பியால் ஒன்றோடொன்று பின்னி, சுற்றிலும் தடித்த ஓரக்கம்பி கட்டியிருப்பார்கள். எல்லாம் பின்னிக் கிடப்பதால் ஒருவர் புரண்டால் பக்கத்தில் படுத்தவருக்கும் அசைவு போகும். அதைத் தவிர்க்க வந்ததுதான் பாக்கெட் ஸ்பிரிங். ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப் பைக்குள் இருக்கும். 1900 வாக்கில் கனடாவில் ஜேம்ஸ் மார்ஷல் கொண்டுவந்த யோசனை அது. இப்போது இரண்டு வகையும் கோயம்புத்தூரிலேயே தயாராகின்றன.

வருகிறவர்கள் "எத்தனை ஸ்பிரிங் இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். எண்ணிக்கையைச் சொல். கம்பியின் கனத்தையும் சேர்த்துச் சொல். கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும்: 13 கேஜ் என்றால் சுமார் 2.3 மில்லிமீட்டர், 14 கேஜ் என்றால் சுமார் 2 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். ஆனால் சுருளின் விறைப்பு கம்பிக் கனத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். அகலமும் சுற்றும் ஒன்றாக இருந்தால், 13 கேஜ் சுருள் 14 கேஜ் சுருளைவிட ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு விறைப்பு. ஆகவே மெல்லிய கம்பியில் நிறையச் சுருள் அடைத்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் பெரிசாகப் போட்டால் அது பாதி உண்மைதான். நீ முழுசாகச் சொல்.

இன்னொன்று. நல்ல கம்பி சீக்கிரம் சாகாது. மெத்தை குழி விழுந்தது என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கெட்டுப்போயிருப்பது மேலே உள்ள ஃபோம். ஃபோம் எத்தனை நாள் உழைக்கும் என்பதை அதன் டென்சிட்டி சொல்லும். கையால் அமுக்கிப் பார்த்தால் தெரியாது. லேசான ஃபோமையும் கெட்டியாகத் தோன்றும்படி செய்ய முடியும். தராசுக்குத் தெரியும். கம்பெனிக்காரரிடம் உள்ளே போடுகிற ஃபோமில் ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அங்குல கனத்தில் துண்டு கேட்டு வாங்கு. சமையல்கட்டுத் தராசில் வை. 32 டென்சிட்டி என்றால் சுமார் 75 கிராம் காட்டும். 40 என்றால் 94. அட்டையில் 32 என்று எழுதியிருக்க, தராசு 47 காட்டினால், உன் கையில் இருப்பது 20 டென்சிட்டி. துண்டு தர மறுக்கிற கம்பெனியின் சரக்கை எடுக்காதே. அந்தத் தராசையும் துண்டையும் கடை மேஜை மேலேயே வை. வாங்குகிறவர் கையாலேயே நிறுத்துப் பார்க்கட்டும். மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்த அந்தக் காலத்து உரிமையை இப்படியாவது திருப்பிக் கொடுக்கலாம்.

முடிந்தால் ஒரு மெத்தையைக் குறுக்கே அறுத்து வாசலில் நிறுத்து. உடுக்கைச் சுருள், அதன்மேல் கம்பி ஏறிக் குத்தாமல் தடுக்கும் கெட்டிப் படலம், அதன்மேல் ஃபோம், துணி. நாலும் தெரிய வேண்டும். ஒரு மெத்தை நஷ்டம் என்று நினைக்காதே. நீ ஆயிரம் வார்த்தையில் பேச வேண்டியதை அது பேசும்.

இனி என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். "கெட்டியா இருந்தாத்தான் முதுகுக்கு நல்லது" என்று பல வருஷம் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். ஒருமுறை பலமநேர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். ஒடிசலான உடம்பு. இடுப்பு வலி. கடையிலேயே மிகக் கெட்டியானதைக் கொடுத்தனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து வந்தார். கோபப்படவில்லை. "பக்கவாட்டுல படுத்தா தோளும் இடுப்பு எலும்பும் நோகுது நாயனா, தரையிலயே படுத்துக்கறேன்" என்றார். அவர் எப்படிப் படுப்பார் என்று நான் கேட்கவே இல்லை. அந்த முகம் என் மனசை விட்டு இன்னும் போகவில்லை. பிறகுதான் தெரிந்தது, 2003இல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் எழுதியது. நாட்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேருக்கு, பாதிப் பேருக்குக் கெட்டி மெத்தையும் பாதிப் பேருக்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்து 90 நாள் பார்த்தார்கள். வலி அதிகம் குறைந்தது நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்குத்தான். அதற்காக இனி எல்லாருக்கும் நடுத்தரத்தையே தள்ளிவிடாதே. நான் செய்த தப்பையே வேறு பெயரில் செய்வதாக ஆகும். மெத்தென்று இருப்பதால்தான் அது மெத்தை; எவ்வளவு மெத்தென்று என்பதை அந்தந்த உடம்புதான் சொல்ல வேண்டும்.

ஆகவே கேள். தமிழ்க்காரரானால் "எப்படிப் படுப்பீங்க?" தெலுங்குக்காரரானால் "எலா படுகுண்டாரு?" பக்கவாட்டில் படுக்கிறவருக்குத் தோளும் இடுப்பும் கொஞ்சம் அமிழ வேண்டும். மல்லாந்து படுக்கிறவருக்கு இடுப்பு தொங்கக்கூடாது. கனத்த உடம்புக்கு விறைத்த கம்பி. ஒல்லி உடம்புக்கு இளகின மேல்படலம். மாங்காய்க் கூடை தூக்குகிறவரா, நாளெல்லாம் பஸ் ஓட்டுகிறவரா என்றும் கேள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிஷம் படுக்கச் சொல். உட்கார்ந்து குதித்துப் பார்ப்பது மெத்தையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மல்லாந்து படுத்திருக்கும்போது இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே உள்ளங்கையை விட்டுப் பார்க்கச் சொல். தாராளமாகப் போய் வந்தால் அவருக்கு அது ரொம்பக் கெட்டி. நுழையவே முடியாமல் உடம்பு அமுங்கிக் கிடந்தால் ரொம்ப இளக்கம். சற்றே உரசிக்கொண்டு போனால் பொருத்தம். கணவன் மனைவி இருவர் படுப்பதென்றால் இருவரும் படுக்கட்டும். கூச்சப்படுவார்கள். நீ வெளியே போய் நின்றுகொள்.

கல்யாணச் சீருக்கு வாங்குகிறவர்களிடம் இன்னும் கவனமாக இரு. நம் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்தான் வந்து மெத்தை எடுப்பார். படுக்கப்போகிற இரண்டு பேரும் அங்கே இருக்கமாட்டார்கள். அவர் பார்ப்பது உயரத்தையும் துணியின் மினுமினுப்பையும்தான். சபையில் தெரிவது அதுதானே. "பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஒருதடவை அனுப்புங்க, சீரை நான் அந்த நாளுக்குக் கொண்டுவந்து இறக்கறேன்" என்று சொல்லிப்பார். பாதிப் பேர் கேட்பார்கள். அந்தப் பாதிப் பேருக்காகச் சொல்.

அளவு கேட்கும்போது கட்டிலின் உள்அளவைக் கேள். நம் ஆசாரிகள் மரத்துக்குத் தக்கபடி கட்டில் செய்வார்கள். நார் மெத்தையை அறுத்துப் பொருத்தலாம். ஓரக்கம்பி போட்ட ஸ்பிரிங் மெத்தையை அறுக்க முடியாது. 75க்கு 60 அங்குலம், 78க்கு 72 அங்குலம் என்று வருவது ஒரு அங்குலம் கூடினாலும் திரும்பி உன் கடைக்கே வரும். அடியில் என்ன இருக்கிறது என்றும் கேள். கயிற்றுக் கட்டிலும் நாடாக் கட்டிலும் ஸ்பிரிங்குக்கு ஆகாது. சட்டம் போட்ட கட்டிலானால் சட்டங்களுக்கு நடுவே மூன்று அங்குலத்துக்கு மேல் விடக்கூடாது. அதிகமிருந்தால் பிளைவுட் போடச் சொல். அடிப்பலகை தொய்ந்தால் மேலே எத்தனை நல்ல மெத்தை போட்டாலும் தொய்யும்.

வீட்டில் இறக்கும்போது நீயே போ. ஆட்டோ மேலே போட்டு நடுவில் கயிறு இறுக்கி மடக்கிக் கொண்டுபோனால் ஓரக்கம்பி வளைந்துவிடும். அதற்கு மருந்து கிடையாது. போய் முதல் வேலையாக அந்த பிளாஸ்டிக்கைக் கிழித்துப் போடு. அழுக்காகும் என்று வருஷக்கணக்கில் அதோடே படுக்கிறார்கள். நாற்பது டிகிரி வெயிலில் வேர்வை உள்ளே நின்று, நாற்றம் பிடித்து, பூஞ்சை கட்டுகிறது. ஃபோமைவிட ஸ்பிரிங்கில் ஒரு பெரிய சுகம் உள்ளே காற்று போய்வருவதுதான். அதைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு பிளாஸ்டிக்கால் மூடுவானேன்? பருத்தி உறை போதும். முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருதரம் தலைமாடு கால்மாடு மாற்றிப் போடச் சொல். இரண்டு பக்கமும் ஃபோம் உள்ள பழைய முறை மெத்தையானால் குப்புறவும் திருப்பலாம். ஒருபக்க மெத்தையைத் திருப்பக்கூடாது. இதை வீட்டுப் பெண்களிடம் சொல். நினைவு வைத்திருப்பவர்கள் அவர்கள்தான்.

கேரண்டி அட்டையைக் கடையிலேயே தேதி போட்டு, முத்திரை குத்திக் கொடு. எத்தனை மில்லிமீட்டர் குழி விழுந்தால் மாற்றித் தருவார்கள், கறை பட்டால் கேரண்டி போகுமா என்பதை வாசித்துச் சொல். பத்து வருஷம் என்று பெரிய எழுத்தில் இருப்பதை எல்லாரும் பார்ப்பார்கள். சின்ன எழுத்தை அவர் பார்க்காமல் போனால் குற்றம் உன்னுடையது.

அடுத்த மாதம் அந்தப் பக்கம் வருகிறேன். உன் அத்தைக்கு முழங்கால் வலி, எனக்கும் வயசாகிறது. ஒரு மெத்தை எடுக்க வேண்டும். சொந்தக்காரன் என்று விலை குறைக்காதே. கடைக்குள் வந்து நின்று, "நல்ல மெத்தை ஒண்ணு காட்டு" என்று கேட்பேன். மெத்தையைக் காட்டுவதற்கு முன்னால் நீ அத்தையிடம் என்ன கேட்கிறாய் என்று கேட்கத்தான் வருகிறேன்.

அன்புடன்,
உன் மாமா