206 ஐஸ் குச்சிகள்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய உன் கப்பல் மாதிரியின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கயிறு முடிச்சுகள் சுத்தம். வார்னிஷ்தான் கண்ணைக் கூசுகிறது. 'எண்டெவர்' செய்கிற எல்லோரையும் போல நீயும் 1768-ல் கேப்டன் குக்கோடு பசிபிக் புறப்பட்ட கப்பலைத்தான் செய்திருக்கிறாய், கல்யாண மாப்பிள்ளை மாதிரி. அது அந்தக் கப்பலின் ஆயுளில் மூன்றே வருஷம். மீதிப் பதினொரு வருஷத்தை யார் செய்வது?

1764-ல் இங்கிலாந்தின் விட்பி ஊரில், தாமஸ் ஃபிஷ்பர்னின் பட்டறையில் கட்டியபோது அதன் பெயர் 'ஏர்ல் ஆஃப் பெம்புரோக்'. நிலக்கரி சுமக்கிற வேலை. நிலக்கரிக்கு அழகு எதற்கு, இடம்தான் வேண்டும். அதனால் மழுங்கிய முன்முனை (அணியம்), பெட்டி போன்ற வயிறு, தட்டையான அடி. கடல் வற்றும்போது மணலில் உட்கார்ந்தாலும் சாயாது. என்னுடைய முதல் எண்டெவருக்கு அணியத்தில் வைக்க ஒரு பெண் பொம்மையை மூன்று வாரம் செதுக்கினேன். அசல் கப்பலில் அப்படி எதுவுமே கிடையாது. வாங்கியவர் கவனிக்கவில்லை, எனக்கு இன்றும் உறுத்துகிறது.

1770 ஜூனில் ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டில் அது ஏறிக்கொண்டது உனக்குத் தெரிந்திருக்கும். ஆறு பீரங்கிகளைக் கடலில் தள்ளினார்கள். பாய்த்துணியில் கம்பளியும் நாரும் தைத்து, ஓட்டையை மூட வெளிப்புறமாக இழுத்துக் கட்டினார்கள். பிறகு ஓர் ஆற்று முகத்தில் கரையேற்றிப் பலகை மாற்றினார்கள். தட்டை அடி இல்லையென்றால் அப்படிக் கரையேற்றியிருக்க முடியாது. பிறகு பத்தேவியா துறைமுகத்தில் இன்னொரு பழுது பார்ப்பு. அந்த ஒட்டுகள் உன் மாதிரியில் எங்கே?

ஊர் திரும்பியதும் யாரும் அதற்கு மாலை போடவில்லை. ஃபாக்லண்ட் தீவுகளுக்குச் சாமான் சுமந்தது. 2,840 பவுனுக்கு வாங்கிய கப்பலைக் கடற்படை 1775 மார்ச்சில் 645 பவுனுக்குத் தள்ளிவிட்டது. வாங்கிய மேத்தர் என்ற வியாபாரி ரஷ்யாவின் ஆர்க்கேஞ்சலுக்கு ஒரு நடை அனுப்பினார். அதற்குள் அமெரிக்காவில் சண்டை மூண்டது. சிப்பாய்களை ஏற்றிப்போக அரசாங்கம் கப்பல்களை வாடகைக்குத் தேடியது. மேத்தர் இதையும் நீட்டினார். கடலுக்கு லாயக்கில்லை என்று திருப்பிவிட்டார்கள். 'லார்ட் சாண்ட்விச்' என்று பெயரை மாற்றி மறுபடி நீட்டினார். அப்போது கடற்படைக்குத் தலைவராக இருந்தவர் சாண்ட்விச் பிரபு. பெயர் எங்கிருந்து வந்தது என்று நீயே ஊகித்துக்கொள். அதுவும் பலிக்கவில்லை. பழுது பார்த்து மூன்றாம் முறை போனபோதுதான் எடுத்துக்கொண்டார்கள். அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கப்பல் இருந்ததால் இது 'லார்ட் சாண்ட்விச் 2' ஆனது. டெப்ட்ஃபோர்டு கப்பல் பட்டறைக்காரர்கள், இது பழைய எண்டெவர்தான் என்று காகிதத்தில் குறித்து வைத்தார்கள். நெடுங்காலமாகப் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றை எண்டெவர் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு, 1990-களின் கடைசியில் உண்மையைக் காட்டியது இந்தக் குமாஸ்தா எழுத்துதான்.

1776 மே மாதம், நூறு கப்பல் கூட்டத்தில் ஒன்றாக அது புறப்பட்டது. கீழே 206 பேர், பெரும்பாலும் ஜெர்மனியின் ஹெஸ்ஸே-காஸெல் நாட்டுச் சிப்பாய்கள். அந்த நாட்டின் ஆட்சியாளர் அவர்களைப் பிரிட்டனுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். கப்பலும் வாடகை, ஆளும் வாடகை. வழியெல்லாம் புயல், கூட்டம் சிதறி, நியூயார்க் அருகே சாண்டி ஹூக்கில் நங்கூரம் போட்டபோது ஆகஸ்ட். குக்கின் இரண்டாம் பயணத்தில் போன 'அட்வெஞ்சர்' கப்பலும் அங்கே சாமான் கப்பலாக நின்றுகொண்டிருந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் ஒரு மாதிரியை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் உள்ள நியூபோர்ட்டுக்கு ஹெஸ்ஸியர்களைக் கொண்டுபோய் இறக்கிய பிறகு அதைக் கைதிகளை அடைக்கும் கப்பலாக்கினார்கள். 1778 ஆகஸ்டில் பிரெஞ்சுக் கப்பற்படை வந்து நின்றபோது, துறைமுக வழியை அடைக்கப் பிரிட்டிஷ்காரர்கள் பதின்மூன்று கப்பல்களைத் தாங்களே மூழ்கடித்தார்கள். அதில் இதுவும் ஒன்று.

2022-ல் ஆஸ்திரேலியக் கடல்சார் அருங்காட்சியகம், நியூபோர்ட் துறைமுகத்தின் அடியில் கிடக்கும் ஒரு சிதைவு எண்டெவர்தான் என்று அறிவித்தது. கூடவே வேலை செய்த ரோட் ஐலண்ட் ஆய்வாளர்கள், அவசரப்படுகிறீர்கள் என்றார்கள். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். எதை வைத்து அடையாளம் சொன்னார்கள் என்பதை மட்டும் பார்: பெயர் பொறித்த மணி எதுவும் இல்லை, மரங்களின் கனம், அவை இணைந்த விதம், இவற்றைப் பழைய அளவுகளோடு ஒப்பிட்டார்கள். நீ வெளியே தெரியாது என்று உள்ளே மெல்லிசாகப் போட்டிருக்கிறாயே சட்டங்கள், அவைதான் கடைசியில் மிஞ்சுகிறவை.

அடுத்து 1776-ன் கப்பலைச் செய். கடற்படையின் வரைபடங்கள் கிரீன்விச் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கால் அங்குலத்துக்கு ஓர் அடி என்று வைத்துக்கொள். 106 அடிக் கப்பல் 26½ அங்குலம் வரும், அகலம் ஏழு அங்குலத்துக்குச் சற்று மேல். அடித்தட்டு முடிந்ததும் மேலே மூடாதே. கடையில் ஐஸ் குச்சி வாங்கு. அதன் அகலம் இந்த அளவில் ஏறக்குறைய ஒரு மனிதனின் தோளகலம். ஐந்தரை அடி ஆளுக்கு 1.4 அங்குலம் வெட்டு. ஒரு குச்சியில் மூன்று ஆள், 69 குச்சி போதும். 206 துண்டுகளையும் உள்ளே படுக்கவைக்கப் பார். துப்பாக்கி, மூட்டை, தண்ணீர்ப் பீப்பாய், மாலுமிகள் இவற்றுக்கும் இடம் விட்டுவிட்டு.

வைத்துப் பார்த்த பிறகு எழுது. வார்னிஷ் பற்றி அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
உன் பட்டறை அண்ணன்