ஒரே பிரதி போதாது

போன வருடம் ஜாசினில் எங்க வீட்டுக் கணினியின் ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு. பாட்டி எஸ்டேட்டில் பால்மரம் சீவிய காலத்துப் படங்களை ஸ்கேன் செய்து அதில்தான் வைத்திருந்தேன். அசல் படங்களைக் கரையான் முன்பே தின்றுவிட்டது.

1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. அச்சு நூலுக்கு வேறு பிரதி தேடலாம். ஒரே பிரதியாக இருந்த ஓலைச்சுவடிக்கு எங்கே போவது?

இப்போது வீட்டில் 'நாஸ்' வைத்திருக்கிறேன். ரவுட்டரோடு கேபிளில் இணைக்கும், இரண்டு டிஸ்க் உள்ள பெட்டி அது. விண்டோஸின் 'ஃபைல் ஹிஸ்டரி'யில் அதைக் காட்டிவிட்டால், மணிக்கொரு முறை தானாக நகலெடுக்கும். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே கோப்புகளை எழுதும்படி அமைத்திருப்பதால், ஒன்று பழுதானாலும் மற்றது காக்கும்.

ஆனா நாஸில் உள்ளதைத் தவறி அழித்தா, இரண்டிலும் அழியும். மின்னல் தாக்கினா பெட்டியே போகலாம். அதனால் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. மாதம் ஒருமுறை தனி டிஸ்க்கில் நகலெடுத்து, அலோர் காஜாவில் மாமா வீட்டில் வைக்கிறேன்.

எடுத்த நகலைத் திறந்தும் பாருங்க. இந்த ஞாயிறே, தாத்தா பாட்டி படங்களிலிருந்து தொடங்குவோம்.